பின்தங்கும் மாணவருக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வாக்கியக் கணக்கு. அதற்கு விடை காண 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது, இன்னொன்று 26 என்று. மூன்றாவது பிள்ளை எதுவுமே எழுதவில்லை. மூவருக்கும் பூஜ்யம். உடனே மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கழித்தலை முதலிலிருந்து நடத்துகிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம், ஆனால் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது.

35 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 7-லிருந்து 2, 5-லிருந்து 2. அதற்கு இடமதிப்பே பிடிபடவில்லை. 26 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. 12-லிருந்து 7 போனால் எவ்வளவு என்பதில் சறுக்கியிருக்கிறது. அதற்கு வேண்டியது கொஞ்சம் பயிற்சி. மூன்றாவது பிள்ளையால் கேள்வியை வாசிக்கவே முடியாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் கணக்கை எத்தனை முறை நடத்தி என்ன பயன்? விடைத்தாளை வைத்துக்கொண்டு, "இதை எப்படிச் செய்தாய், சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். பிள்ளை எங்கே, ஏன் தடுமாறுகிறது என்று கண்டறியும் குறையறி சோதனையின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

உதவியை மூன்று படிகளாகப் பிரிப்பது பல நாடுகளில் வழக்கம். முதல் படி, வகுப்பு முழுவதற்குமான நல்ல கற்பித்தல். இரண்டாவது, மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட சிறு குழுவுக்கு வாரத்தில் சில நாள் கூடுதல் பயிற்சி. மூன்றாவது, தனியாகவோ இன்னும் சிறிய குழுவாகவோ தரும் தீவிர உதவி. சுமார் 80 சதவீத மாணவர்களுக்கு முதல் படியே போதுமானதாக இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. வகுப்பில் பாதிப் பேர் தடுமாறினால் சிறு குழு அமைப்பதில் அர்த்தமில்லை. அன்றாடப் பாடம் நடக்கும் விதத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

அடுத்த தவறு, வழக்கமான பாட வேளையிலேயே பிள்ளையை வெளியே அழைத்துப் போவது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை வாசிப்பு வகுப்பையே இழந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2015-இல் வெளியான அரசு ஆய்வு ஒன்று இந்த இடத்தில் யோசிக்க வைக்கிறது. முதல் வகுப்பில், உதவி யாருக்குத் தேவை என்று பார்க்கும் சோதனையில் வகுத்த மதிப்பெண் கோட்டுக்குச் சற்றே கீழே இருந்து கூடுதல் உதவிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், கோட்டுக்குச் சற்றே மேலே இருந்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கினார்கள். பல பள்ளிகளில் அந்த உதவி வழக்கமான வாசிப்பு நேரத்திலேயே நடந்ததும் அதில் தெரியவந்தது. காரணம் அதுதான் என்று ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் கூடுதல் உதவி என்றால் அது கூடுதல் நேரமாகத்தானே இருக்க வேண்டும்?

சரி, உதவி தொடங்கிவிட்டது. அப்புறம் ஆண்டுத் தேர்வு வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் ஸ்டான்லி டீனோ உருவாக்கிய முறை இதற்கு எளிய வழி தருகிறது. பிள்ளையை ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணி, வாராவாரம் வரைபடத்தில் குறிக்கிறார்கள். இருக்கும் நிலையிலிருந்து எட்ட வேண்டிய இலக்குக்கு ஒரு கோடு போடுகிறார்கள். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது நடைமுறை விதி. இங்கே கவனம் தேவை: பிள்ளை முயற்சி செய்யவில்லை என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. ஒரே ஒரு வாரம் சரிந்ததைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். அன்று அதற்குக் காய்ச்சலாகக்கூட இருந்திருக்கலாம்.

குழுவிலிருந்து வெளியேறும் வழியையும் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஆண்டு முழுக்க அந்தப் பிள்ளைக்கு "அந்தக் குழு" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

படிகளைக் காட்டிப் பெற்றோரைக் காக்கவைப்பதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. "இரண்டாவது படி முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஓர் ஆண்டு போய்விடும். கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், குழுப் பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், நிபுணரின் மதிப்பீட்டையும் கூடவே தொடங்கலாம். படிநிலை உதவியைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று அமெரிக்கக் கல்வித் துறை 2011-இல் மாநிலங்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்தது. அதோடு கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளைக்குத் தேவை ஒரு கண்ணாடியாகவும் இருக்கலாம்.