புயலில் கடல் எவ்வளவு உயரும்? எக்செலில் ஒரு முதல் கணக்கு

1999 அக்டோபர் 29 அன்று பாராதீப் அருகே கரையைக் கடந்த ஒடிசா சூப்பர் புயல், கடல்நீரை 5 முதல் 6 மீட்டர் வரை உயர்த்தி ஊர்களுக்குள் தள்ளியது. இந்த உயரம் எங்கிருந்து வந்தது என்பதை எக்செலிலேயே ஓரளவு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

படி 1: தரவு
அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா, ஐபிட்ராக்ஸ் என்ற பெயரில் உலகப் புயல்களின் பாதைகளை இலவசமாகத் தருகிறது. வட இந்தியப் பெருங்கடல் கோப்பை இறக்கி, இந்தப் புயலை மட்டும் வடிகட்டுங்கள். ஒரே புயலுக்கு டெல்லியின் இந்திய வானிலைத் துறை தரும் காற்று வேகமும் அமெரிக்கர்கள் தரும் வேகமும் ஒத்துப்போகாது. இங்கே 3 நிமிடச் சராசரி, அங்கே 1 நிமிடம். இரண்டையும் கலக்காதீர்கள். வேகம் நாட் அளவில் இருக்கும், 0.514ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும்.

ஐரோப்பிய வானிலை மையத்தின் இஆர்ஏ5 (பழைய வானிலையைக் கட்டம் கட்டமாகக் கணித்த தொகுப்பு) தரவு கைக்கு எளிதாக வருகிறதே என்று அதற்குத் தாவ வேண்டாம். அதன் கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். புயலின் கண்ணையொட்டி வீசும் கடுங்காற்று அதில் மழுங்கிவிடும்.

படி 2: அழுத்தம்
காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் கடல் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும். சுற்றுப்புறம் 1010, மையம் 912 என்றால் 98 செ.மீ. அவ்வளவுதான்! மீதியெல்லாம் பெரும்பாலும் காற்றின் வேலை.

படி 3: காற்றும் ஆழமும்
காற்றின் இழுவிசை = 1.15 (காற்றின் அடர்த்தி) × 0.0025 (இழுவைக் கெழு) × வேகத்தின் வர்க்கம். வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்றால் விடை 7.2. இதை 1025 (கடல்நீரின் அடர்த்தி) × 9.8 (புவியீர்ப்பு) × கடலின் ஆழத்தால் வகுத்தால் நீர்மட்டத்தின் சரிவு கிடைக்கும். ஆழம் 10 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 7.2 செ.மீ.; அதே ஆழம் 40 கிலோமீட்டர் நீண்டால் ஏறக்குறைய 2.9 மீட்டர். இப்போது ஆழத்தை 100 என்று மாற்றுங்கள். வெறும் 29 செ.மீ.! காற்று அதேதான். ஆகவே புதியவர்கள் காற்றைவிட ஆழத்துக்கே அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன். ஜெப்கோ என்ற உலகக் கடலாழ வரைபடத்திலிருந்து ஆழத்தை எடுக்கலாம்.

படி 4: விட்டுப்போனவை
வேகம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல; மையத்திலிருந்து விலகும்போது அது எப்படிக் குறைகிறது என்பதற்கு ஹாலண்ட் என்ற ஆய்வாளர் 1980இல் தந்த சூத்திரம் உண்டு. நம் அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் காற்று கூடுதல். ஓதத்தை (கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்தை) அட்டவணை பார்த்துத் தனியாகக் கூட்டுங்கள். ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் பயன்படுத்தும் ஆட்சர்க் போன்ற மென்பொருள்கள் இவற்றைச் சேர்த்தே தீர்க்கின்றன.

அதற்குப் போகும் முன், 40 கிலோமீட்டரை ஐந்து ஐந்து கிலோமீட்டர் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஓர் ஆழம் கொடுத்துக் கூட்டிப் பாருங்கள். கரையை ஒட்டிய கடைசித் துண்டுதான் கணக்கை எகிற வைக்கும்.