பனியில் வண்டி இடிபட்டால்: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

ஜனவரி மாதம், காலை ஏழு மணி இருக்கும். அக்கா பையன் ஒன்டாரியோவில் இருக்கும் கிச்சனர் நகரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பியிருந்தான். முன் பம்பர் ஒரு மூலையில் பிளந்து தொங்குகிறது, முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடான ஃபெண்டர் உள்ளே மடங்கி டயரை உரசுகிறது. “பிரேக் அடிச்சனுங் மாமா, வண்டி நிக்கவே இல்லீங்” என்றான். அவன் அங்கே போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு பெருந்துறையில் எங்களுக்குப் பழக்கமான டிங்கர் கடைக்கே போய்விட்டாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “பம்பரை ஒட்டிக்கலாமுங்க, ஃபெண்டரைத் தட்டிப் பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சா ரெண்டு நாள் வேலைங்க” என்றார். பெருந்துறைக்கு அது சரியான பதில். பையன் இருப்பதோ பனி உருகுவதற்காக ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊர். அங்கே பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவன் என்பதால், இங்கிருந்து கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் டயர். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் கெட்டியாகிவிடும், பிடிமானம் குறையும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர், அதாவது குளிருக்கென்றே செய்த டயர், கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டிருந்தால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவையும் லோ கியரிலேயே இறங்கிப் பழகியவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அதே நிதானம்தான். ஒன்று மட்டும்: சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

சரி, இடித்துவிட்டது. யாருக்காவது அடிபட்டிருந்தால் உடனே அவசர உதவிக்கு 911 கூப்பிடுங்கள். இல்லையென்றால் நாலு பக்க விளக்கைப் போட்டு, வண்டி நகருமானால் ஓரம் கட்டுங்கள். இறங்கி வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள். நீங்கள் வழுக்கின அதே ஐஸில்தான் அடுத்த வண்டியும் வழுக்கிக்கொண்டு வரும். அப்புறம் போட்டோ. சேதத்தை மட்டும் எடுத்தால் போதாது. ரோடு, டயர் இழுத்த தடம், சிக்னல், எதிர் வண்டியின் நம்பர், அவர் லைசென்ஸ், பிங்க் ஸ்லிப் என்று சொல்லப்படும் இன்சூரன்ஸ் சீட்டு எல்லாம் வேண்டும்.

நம்ம ஊரில் நாலு பேர் கூடி, “விடுங்க, ஆயிரம் ரூபா குடுத்துப் போச்சொல்லுங்க” என்று முடித்து வைப்பார்கள். அங்கே அப்படி முடித்துக்கொள்ளாதீர்கள். பம்பரில் தெரிவது ஒரு கீறலாக இருக்கும். உள்ளே, முன்னால் இருக்கும் வண்டியைக் கண்டுபிடிக்கும் ரேடார் சென்சாரின் தாங்கி வளைந்திருக்கும். எதிராளியும் மறுநாள் கழுத்து வலி என்று வரலாம். இரு வண்டிச் சேதமும் சேர்ந்து 5,000 டாலரைத் தாண்டினால் போலீஸில் பதிய வேண்டும். 2025க்கு முன் இந்த வரம்பு 2,000 டாலர். பெரிய நகரங்களில் இதற்கென்றே கொலிஷன் ரிப்போர்ட்டிங் சென்டர் இருக்கிறது. போலீஸ் அங்கே போகச் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 7 நாளுக்குள் சொல்ல வேண்டும். நான் அன்றைக்கே சொல்லிவிடுவேன்.

கூப்பிடாமலே ஒரு டோ டிரக், அதாவது வண்டியை இழுத்துப் போகும் லாரி, வந்து நிற்கும். ஆள் ரொம்பப் பாசமாகப் பேசுவார். உங்கள் சம்மதக் கையெழுத்து இல்லாமல் அவர் வண்டியைத் தொடக் கூடாது, போலீஸ் சொன்னால் தவிர. எந்த இடத்துக்கு இழுக்கிறார், என்ன கட்டணம் என்று தாளில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் போன புதிதில் குளிர் தாங்காமல் படிக்காமல் போட்டேன். இழுத்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் அவர்கள் யார்டில் என் வண்டி ஒரு வாரம் கிடந்த வாடகையையும் சேர்த்துக் கட்டினேன்.

பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இன்சூரன்ஸில்தான். “ஐஸுங்க, என் தப்பு இல்லீங்க” என்று சொல்லிப் பயனில்லை. ஒன்டாரியோவில் யார் தப்பு என்பதை முடிவு செய்யும் விதிகள், வானிலையையும் ரோட்டின் நிலையையும் கணக்கில் எடுப்பதில்லை. முன்னால் போகிற வண்டியில் போய் இடித்தால் பின்னால் வந்தவர் தப்பு, அவ்வளவுதான். தானாக வழுக்கிக் கம்பத்தில் மோதினாலும் அப்படியே. இந்த மாதிரிச் சேதத்துக்குப் பணம் வர வேண்டுமானால் பாலிசியில் கொலிஷன் கவர் இருக்க வேண்டும். அது கட்டாயம் இல்லை என்பதால், பிரீமியம் குறையட்டும் என்று பலரும் அதை வேண்டாமென்று விட்டுவிடுவார்கள். எங்கள் பையனும் விட்டுவிட்டிருந்தான். அந்தக் கவர் இருந்தாலும், டிடக்டிபிள் எனப்படும் உங்கள் பங்குத் தொகையை, பெரும்பாலும் 500 அல்லது 1,000 டாலர், நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். நம்ம டிங்கர் கடையை அங்கே பாடி ஷாப் என்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு கடையைச் சொல்லும். அங்கேதான் போக வேண்டும் என்றில்லை, தேர்வு உங்களுடையது. கைக்காசு போட்டுச் செய்வதென்றால் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாகக் கேட்கச் சட்டம் விடாது. வேலைக்கும் புதுப் பாகத்துக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு. கேமரா, ரேடார் உள்ள வண்டியென்றால் அவற்றைத் திரும்பச் சரியான அளவுக்கு அமைக்கும் காலிபிரேஷன் பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சக்கரம் பட்டிருந்தால் அலைன்மென்ட்டும்.

நம்ம டிங்கர் சொன்ன வைத்தியம் அங்கே ஏன் எடுபடாது? பம்பர் பிளாஸ்டிக். கடுங்குளிரில் அது நெளியாது, விரிசல் விட்டுப் பிளக்கும். யூடியூபில் பார்த்துவிட்டுச் சிலர் குளிரில் விறைத்த பம்பர்மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி இன்னும் பெரிதாகப் பிளந்து வைப்பார்கள். தகட்டுச் சேதம் வேறு கதை. பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தால் உப்புத் தண்ணீர் பட்டுச் சீக்கிரமே துரு பிடிக்கும். துருவைச் சுரண்டாமல் மேலே பட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கி, அடுத்த குளிருக்கு அந்த இடம் அப்பளம் மாதிரி பொரிந்து வரும். பெயிண்டும் 10 டிகிரிக்குக் கீழே ஒழுங்காகக் காயாது. அதனால்தான் கடைகளில் சூடேற்றிய அறைக்குள் வைத்து அடிக்கிறார்கள், அந்தச் செலவும் பில்லில் வரும். பெயிண்ட் உரியாத சின்னப் பள்ளம் என்றால், பெயிண்டைத் தொடாமல் உள்ளிருந்து நெம்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் மலிவு.

பையனிடம் காசில்லை. ஃபெண்டரை மட்டும் டயரைத் தொடாதபடி ஒரு கடையில் இழுத்துவிடச் சொன்னேன். இரும்பு தெரிந்த இடத்தை அபார்ட்மென்ட்டின் சூடான பார்க்கிங்கில் வைத்துக் கழுவித் துடைத்து, பிரைமரும் டச்-அப் பெயிண்டும் போட்டான். வண்டியின் கலர் நம்பர் டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருந்தது. பம்பரை ஜிப்-டை என்ற பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டி, முன் நம்பர் பிளேட்டைத் திரும்ப மாட்டினான். ஒன்டாரியோவில் முன்னாலும் பிளேட் இருந்தே ஆக வேண்டும். முன்விளக்கு உடையவில்லை, அது அதிர்ஷ்டம். ஏப்ரலில் குளிர் விட்டதும், நம்ம கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடை மாதிரி ஒரு யார்டில், அதே கலரில் ஃபெண்டரும் பம்பரும் கிடைத்தன.

நடுவில் ஒருநாள் அக்கா அந்த ஜிப்-டை போட்டோவை டிங்கரிடம் காட்டியிருக்கிறாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங் அக்கா, கனடாவுல இப்படியேவா ஓட்டறாங்?” என்று கேட்டாராம். மார்ச் வரைக்கும் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று நான் சொல்லியனுப்பினேன்.