டிரவுட் பிடிக்கப் போகிறீர்களா? முதலில் கம்பூட்டின் அடியைப் பாருங்கள்

ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் டிரவுட் மீன் பிடித்துவிட்டு வந்த மறுநாள், வாசலில் கிடந்த கம்பூட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்து வரிப்பள்ளங்களை ஒரு ஆணியால் குடைந்தேன். சேறு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, அதற்குள் நூல் இழை மாதிரி ஒரு சிவப்புப் புழு நெளிந்தது. ஓடையில் கிடக்க வேண்டியது என் வீட்டு வாசலில், உயிரோடு.

அதனால் என்ன என்கிறீர்களா? மிக்ஸோபோலஸ் என்று ஒரு ஒட்டுண்ணி, 1950-களில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு இரண்டு வீடு வேண்டும்: ஒன்று டிரவுட், இன்னொன்று சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழு (சென்னை கொளத்தூர் கடைகளில் வளர்ப்பு மீனுக்குத் தீனியாக விற்கிறார்களே, அந்த வகை). செத்த மீனிலிருந்து ஒட்டுண்ணியின் வித்து (கண்ணுக்குத் தெரியாத விதை மாதிரி) சேற்றில் இறங்கும், அதைப் புழு தின்னும், புழுவுக்குள் உருமாறியது தண்ணீரில் மிதந்து வந்து குஞ்சு மீனின் தோல் வழியாக நுழைந்து குருத்தெலும்பை அரிக்கும். அப்புறம் மீன் தன் வாலையே துரத்துகிற மாதிரி சுற்றிச் சுற்றி நீந்தும், வால் கறுத்துப்போகும். மொன்டானாவின் மேடிசன் ஆற்றில் சில இடங்களில் 1990-களில் ரெயின்போ டிரவுட் பத்துக்கு ஒன்பது இல்லாமலே போனது. நம் ஓடைகளில் இருப்பதும் அதே ரெயின்போதான். மனிதர்களை இது ஒன்றும் செய்யாது, ஆனால் வித்தைச் சுமந்து போகிற வண்டி நம் கால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். கரையை விட்டுக் கிளம்பும் முன்பே பழைய பிரஷ் ஒன்றால் அந்த ஓடைத் தண்ணீரிலேயே பூட்ஸ், வலை, கூடை எல்லாவற்றையும் தேய்த்துவிடுங்கள். அந்தச் சேறு அங்கேயே தங்கட்டும். கூடையின் அடியில் தேங்கிய தண்ணீரையும் அங்கேயே கொட்டுங்கள். கம்பளி மாதிரி அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வழுக்காது என்று சொல்லி விற்பார்கள், வாங்காதீர்கள். அதற்குள் போன சேற்றை யாராலும் எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் 10 லிட்டர் வாளித் தண்ணீரில் 5 சதவீத பிளீச் திரவம் 200 மில்லி கலந்து, பூட்ஸையும் வலையையும் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வையுங்கள். சேறு ஒட்டியிருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே போய்விடும், அதனால்தான் முதலில் தேய்க்கச் சொன்னேன். ரீலை முக்க வேண்டாம், துருப்பிடிக்கும், துடைத்தால் போதும். வேலை முடிந்த பிளீச் தண்ணீரை ஓடைக்கோ சாக்கடைக்கோ விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். நோயைத் தடுக்கிறேன் என்று மீனையே கொன்றுவிடக் கூடாது.

பிளீச் பிடிக்காதவர்கள் வெந்நீர் என்பார்கள். 90 டிகிரியில் 10 நிமிடம் வேண்டும், ஆனால் ஊட்டி உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 92, 93 டிகிரியில்! வாளியில் ஊற்றிய மறுநிமிடமே சூடு இறங்கிவிடும். அடுப்பில் வைத்தே கொதிக்கவிட வேண்டும், அதற்குத் தூண்டில் முள்ளும் ஈயமும்தான் சரிப்படும்.

கடைசியில் காய வைப்பது. நன்றாகக் காய்ந்தால் வித்து செத்துவிடும், சொல்லச் சுலபம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அவலாஞ்சியில் எதைக் காய வைப்பது? நான் பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து விறகடுப்புப் பக்கம் தலைகீழாக மாட்டுகிறேன். உள்ளே விரலைவிட்டுப் பார்த்து ஈரம் தட்டினால், அடுத்த ஓடைக்கு அந்த ஜோடி வராது.

மீனை ஓடையில் வைத்துக் குடல் எடுக்காதீர்கள். வித்து தங்குவது தலையிலும் முள்ளிலும். அதைத் தண்ணீரில் எறிந்தால் புழுவுக்கு நாமே பரிமாறுகிறோம். பறவை தின்றாலும் வயிற்றைத் தாண்டி உயிரோடு வெளியே வரும். கட்டி எடுத்து வந்து குப்பையில் போடுங்கள். ஒரு ஓடையில் பிடித்த மீனை இன்னொன்றில் விடுவது, மிஞ்சிய இரைப் புழுவைக் கொட்டுவது இரண்டும் கூடவே கூடாது. அவலாஞ்சியில் 1907-லிருந்து இருக்கும் குஞ்சுப் பொரிப்பகத்துக்கு மேல்பக்க ஓடையில் நின்றால் இன்னும் கவனம்.

பிடித்த மீனைக் கையில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். தோலில் தட்டையாக ஊர்ந்தால் மீன் பேன், குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப் புழு, உப்பு தூவியது போல இருந்தால் வெண்புள்ளி. முதுகு வளைந்தோ வால் கறுத்தோ இருந்தால் படம் எடுத்து, இடம், தேதியோடு மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள். பெர்மிட் வாங்கப் போகிற அதே இடம்தான்.