4294967297-ஐத் தாளும் பேனாவும் வைத்துக் காரணிகளாக உடைப்பது எப்படி?

இது 2³²+1. 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போக, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வரும் குடும்பம் இது. இதில் இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருவதும் பகா எண்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் இதன் காரணியைக் கண்டுபிடித்தார். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் நாமும் செய்யலாம்.

படி 1: எவற்றால் வகுத்துப் பார்ப்பது?

வர்க்கமூலம் 65536-ஐ மயிரிழையில் தாண்டுகிறது. அதுவரை 6542 பகா எண்கள் உண்டு. அத்தனையையும் சோதிக்க வேண்டாம். ஒரு பகா எண் இதை வகுத்தால், அதனால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி −1. எனவே 2⁶⁴-க்கு மீதி 1. அதாவது 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலில் வருவது 64-ஆம் அடுக்கில். பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம்; அதனால் அந்த அடுக்கு 64-இன் மடங்காக வேண்டும். அப்படியானால் அந்தப் பகா எண் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும்.

65, 129, 193 என்று 641 வரை எழுதி, பகு எண்களை அடித்துவிடுங்கள். மிஞ்சுபவை 193, 257, 449, 577, 641. இதில் 257-ஐயும் அடிக்கலாம்: 3×5×17×257×65537 = 4294967295, நம் எண்ணைவிட 2 குறைவு. இரண்டையும் 257 வகுத்தால் 2-ஐயும் வகுக்க வேண்டும், அது நடக்காது.

படி 2: மீதியை மட்டும் வர்க்கப்படுத்துங்கள்

641-க்கு:
2⁸ = 256
2¹⁶ = 65536; 641×102 = 65382; மீதி 154
154² = 23716; 641×37 = 23717; மீதி −1

ஆக 2³²+1-க்கு மீதி 0. பலர் சறுக்குவது கடைசி வரியில்தான்: 23716 ஒன்று குறைவு என்பதைக் கவனிக்காமல் +1 என்று எழுதிவிடுவார்கள். −1-க்குப் பதில் 640 என்று எழுதினாலும் சரியே. இதே வழியில் 2³²+1-ஐ 193, 449, 577-ஆல் வகுத்தால் முறையே 109, 325, 288 மீதி வர வேண்டும்.

படி 3: மறுபாதி பகா எண்ணா?

4294967297 ÷ 641 = 6700417. இதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வரும். இங்கே கணிதவியலாளர் லூக்காஸ் 1878-இல் தந்த கூர்மையான விதி கைகொடுக்கும்: நம் எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 128-இன் மடங்கைவிட 1 கூடுதல். 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 ஏற்கெனவே போய்விட்டது. மற்ற நான்குக்கும் மீதி 44, 120, 334, 622. எதுவும் 0 இல்லை. 6700417 பகா எண்தான்.

இனி மற்றவை எளிது. வகுத்திகள் 4, அவற்றின் கூடுதல் 642×6700418 = 4301668356.

கணினியில் சரிபார்ப்பவர்களுக்கு

32 பிட் குறியில்லா முழு எண்ணில் இதைப் போட்டால் 1 என்று சுருங்கிவிடும். 64 பிட்டோ பைத்தானோ பயன்படுத்துங்கள். 2-ஐ அடியாக வைத்த ஃபெர்மா சோதனையையும் (ஓர் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு அடியை உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) நம்பாதீர்கள். 2⁶⁴-க்கு மீதி 1 என்பதால், 2-ஐ 2³² அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1 வந்து, பகா எண் போலவே தேறிவிடும். 3-ஐ அடியாக வைத்தால் மீதி 3029026160; குட்டு உடைந்துவிடும்.