வாக்கர் நடந்தது தொட்டியில்

டர்பனில் மேஸ்திரி என்று குடும்பப்பெயர் உள்ளவருக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் வாக்கருக்குத் (Walker) தன் பெயரின் தொழில் தெரியாது. ஊர் சுற்றியவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். தேட வேண்டுமானால் இன்றைய அகராதியை மூடிவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியைத் திறங்கள்.

அங்கே வாக்கர் என்றால் கம்பளித் துணியை மிதிப்பவர். தறியிலிருந்து வந்த துணியில் எண்ணெய்ப்பசை இருக்கும், இழைகளும் தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரும் களிமண்ணும் (நாம் முகத்தில் பூசும் முல்தானி மிட்டியின் இனம்தான்) சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். சிறுநீரின் அம்மோனியா பசையை எடுக்கும், மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கிக் கெட்டியாகும். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தண்ணீரில் ஓடும் ஆலைகள் வந்து கால்களுக்கு ஓய்வு கொடுத்தன. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதே தொழிலுக்கு இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர். ஆகவே பெயரே திசையைக் காட்டும். 1881 மக்கள்தொகைக் கணக்கில் அந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் அடர்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தைத் தேடுவது இங்கிருந்து பின்னோக்கித்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவரின் சொத்துக் கோப்பைக் கேளுங்கள். அதிலுள்ள மரண அறிவிப்பில் பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் இருக்கும். உறவினர் சொன்னதை எழுதியது என்பதால் பல சமயம் வெறும் 'இங்கிலாந்து' என்று நின்றுவிடும். 1849–1851இல் பிரிட்டனிலிருந்து ஆட்களைக் குடியேற்றிய பைர்ன் திட்டத்தில் நேட்டால் வந்தவரென்றால் இன்னொரு சிக்கல்: 1841 கணக்கெடுப்பு அதே மாவட்டத்தில் பிறந்தாரா என்று மட்டுமே சொல்லும், 1851இல் ஆளே அங்கிருக்க மாட்டார். அங்கேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகளை 1851 கணக்கில் பிடியுங்கள். அவர்கள் பிறந்த ஊர் அதில் இருக்கும். அந்த ஊரின் தேவாலயப் பதிவேடுதான் அடுத்த படி. மிகப் பழையவை 1538இல் தொடங்கும்.

அதற்கும் முன்னே இங்கிலாந்தின் 1377, 1379, 1381 தலைவரிப் (ஆள்வாரியாக வாங்கிய வரி) பட்டியல்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: பட்டியலில் ஒரு வாக்கரைக் கண்டதும் முப்பாட்டன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். துணி நெய்த ஊர்களிலெல்லாம் மிதிப்பவர் இருந்தார், ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் எழுதியிருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். பெயர் வாக்கர், தொழில் தச்சு என்றிருந்தால் அது தகப்பன் வழி வந்த பெயராக இருக்கலாம். இரண்டும் ஒன்றானால் அந்த ஆளோடு ஒட்டிய பட்டமாகவும் இருக்கலாம், மகனுக்கு வேறு பெயர் வந்திருக்கக்கூடும்.

ஃபார்மர் என்ற பெயரிலும் இதே கவனம் வேண்டும். அந்நாளில் அது உழவரை அல்ல, பெரும்பாலும் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவரைக் குறித்தது.