மரத்தில் உள்ள சிறு துளைகளையும் விரிசல்களையும் நிறம் பொருந்த அடைப்பது எப்படி?

நான் முதன்முதலில் செய்த முக்காலியின் பலகையில் ஒன்பது ஆணித் துளைகள் இருந்தன. மரத்தூளில் வெள்ளை மரப்பசையைக் குழைத்து அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விரலால் தடவினாலும் துளை இருந்த இடம் தெரியவில்லை. பெருமையோடு வார்னிஷ் பூசினேன். ஐந்தே நிமிடத்தில் அம்மைத் தழும்புகளைப் போல ஒன்பது கரும்புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெளிறிய வளையம்! துளையை அடைக்க யாராலும் முடியும். பூச்சு ஏறிய பிறகும் அது தெரியாமல் இருக்கச் செய்வதில்தான் வேலையே இருக்கிறது.

படி 1: அடைக்க வேண்டியதுதானா என்று பாருங்கள்

சுத்தியல் பட்டு அமுங்கிய பள்ளத்தை அடைக்கத் தேவையில்லை. அங்கே மர இழைகள் அறுந்திருக்காது, நசுங்கித்தான் இருக்கும். ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் அழுத்தி எடுத்தால், நீராவி பட்டு இழைகள் உப்பிப் பெரும்பாலும் மேலே வந்துவிடும். பூச்சு ஏறாத மரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

வட்டமான சிறு துளைகளிலிருந்து புதிதாக மாவு உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கலாம். முதலில் அதற்கு மருந்து வைக்க வேண்டும்.

விரிசல் சில மாதங்களில் அகன்று சில மாதங்களில் சுருங்குகிறதா? மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. அப்படி அசையும் விரிசலில் எந்தப் பட்டியை (துளை அடைக்கும் கலவையை) வைத்தாலும் ஒரு பருவம் தாங்காது, பெயர்ந்து வரும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற இடைவெளிக்கும் பட்டி சரிப்படாது. அதே மரத்தில் மெல்லிய சிராயைச் சீவி, இழையோட்டம் ஒத்துப்போகும்படி பசையிட்டுச் செருகி, மேல்மட்டத்துக்குச் சீவிவிடுவதே அழகு.

படி 2: மரத்தின் உண்மையான நிறத்தைக் காணுங்கள்

என் முக்காலி கெட்டது இங்கேதான். காய்ந்த, பூசாத பலகையைப் பார்த்து நிறம் சேர்த்தேன். பூச்சு ஏறினால் எந்த மரமும் ஆழ்ந்த நிறத்துக்குப் போகும் என்பதை மறந்துவிட்டேன். எனவே, ஒரு துணியில் ஸ்பிரிட் (எரிசாராயம்) நனைத்துப் பலகையைத் துடையுங்கள். அது ஆவியாவதற்கு முன் தெரியும் நிறம்தான், நிறமற்ற வார்னிஷ் பூசிய பின் தெரியப்போகும் நிறத்துக்கு நெருக்கமானது. எண்ணெய் வார்னிஷ் இதன் மேல் சற்று மஞ்சளைக் கூட்டும். உங்கள் கலவையை அந்த ஈர நிறத்தோடு ஒப்பிடுங்கள்.

துல்லியமாகப் பொருந்தாவிட்டால், ஒரு சாயல் கருமையாகவே விடுங்கள். மரத்தில் கரிய ரேகைகளும் கணுக்களும் இயல்பாக உண்டு. கரும்புள்ளியைக் கண் மன்னித்துவிடும். வெளிறிய புள்ளியோ அறைக்குள் நுழையும்போதே கூப்பிடும். தேக்கு போன்ற மரங்கள் நாளாக ஆக நிறம் மாறும், பட்டி அதோடு மாறாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கலவையைத் தயாரியுங்கள்

மரத்தூள் என்றால் ரம்பத்தூள் அல்ல, அது சொரசொரப்பாக நிற்கும். அதே மரத்தின் துண்டு ஒன்றை 150 எண் உப்புத்தாளில் தேய்த்து, மாவு போன்ற தூளைச் சேகரியுங்கள். அதே மரத்தின் தூள் என்பதால் அதே நிறம் வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். பலகையின் பரப்பில் இழைகள் படுத்திருக்கும். தூளிலோ அவை எல்லாத் திசையிலும் வெட்டுப்பட்டுக் கிடக்கும். அந்த வெட்டுமுனைகள் பசையை உறிஞ்சுவதால் கலவை பலகையைவிடக் கருத்துத்தான் காயும். வெளிர் மரத்தின் தூளைக் கொஞ்சம் சேர்த்தால் இது சமன்படும்.

குழைப்பதற்கு எதை எடுப்பது என்பது அடுத்து என்ன பூசப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெள்ளைப் பசை காய்ந்தால் நிறச்சாயத்தை உள்ளே விடாது. சாயம் பூசப்போகும் மரத்தில் அது வேண்டாம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு எனக்குப் பிடித்தது: சீக்கிரம் காயும், மேலே பெரும்பாலான பூச்சுகள் ஒட்டும்.

தொடக்கக்காரர்களுக்குக் கடையில் கிடைக்கும் மரப்பட்டியே எளிது. ஒரே நிறத்தில் வாங்காமல் வெளிர் நிறத்தில் ஒன்று, கருமையில் ஒன்று என்று ஒரே தயாரிப்பில் இரண்டு டப்பாக்கள் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். சிவப்பு போதவில்லை என்றால் செங்காவித் தூள், மஞ்சளுக்கு மஞ்சள் காவி. கறுப்பை ஊசிமுனையளவு சேருங்கள், கூடினால் சாம்பல் பூத்துவிடும். ‘சாயம் ஏற்கும்’ என்று டப்பாவில் எழுதியிருந்தாலும், மரம் ஏற்கும் அளவுக்குப் பட்டி ஏற்பதை நான் கண்டதில்லை.

படி 4: கழிவுத் துண்டில் சோதியுங்கள்

அதே மரத்தின் துண்டில் மூன்று துளைகள் இடுங்கள். சற்றே வேறுபட்ட மூன்று கலவைகளால் அடைத்து, காயவைத்து, தேய்த்து, சாயமோ வார்னிஷோ உண்மையில் பூசப்போவதையே பூசிப் பாருங்கள். அரை நாள் போகும்தான். என் ஒன்பது புள்ளிகளையும் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

படி 5: அடையுங்கள்

துளைக்குள் இருக்கும் தூசியையும் தளர்ந்த சிராய்களையும் ஊசியால் கிண்டி எடுங்கள். துளையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, துளை இருக்கும் இடத்தை மட்டும் கத்தி முனையால் வெட்டித் திறந்துகொள்ளுங்கள். முக்காலியில் நான் கண்ட வெளிறிய வளையங்களுக்கு இதுதான் மருந்து. சுற்றியுள்ள மர நுண்துளைகளில் பசை ஏறிவிட்டால் அங்கே பூச்சு ஊறாது.

பட்டி வைக்கும் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, கலவையை உள்ளே அழுத்தித் திணியுங்கள். மேலாக வழித்துவிட்டால் அடியில் காற்று நின்று பிறகு குழிவிழும். காயும்போது பட்டி சுருங்கும், எனவே மட்டத்துக்குச் சற்று மேலேயே நிற்கட்டும். ஆழமான துளையை ஒரே முறையில் நிரப்பாதீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டராக வைத்து, ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பின் அடுத்ததை வையுங்கள். ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

படி 6: தேய்த்துச் சரிபாருங்கள்

டேப்பை உரித்து, உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, 150, பிறகு 220 என்று இழையோட்டத்தின் போக்கிலேயே தேய்யுங்கள். விரல் நுனியால் தேய்த்தால் மென்மையான பட்டி மட்டும் கரைந்து பள்ளமாகும். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணியுங்கள், மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முடிந்ததும் மறுபடி ஸ்பிரிட் துணியால் துடையுங்கள் (அரக்குக் கலவையால் அடைத்த இடத்தில் ஸ்பிரிட் படாமல், அது கரைந்துவிடும்). எங்காவது வெளிறிய திட்டு தெரிந்தால் அங்கே பசை மிச்சமிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தேயுங்கள்.

படி 7: ரேகையை வரையுங்கள்

நிறம் அச்சாகப் பொருந்திய பிறகும் அடைத்த இடம் தெரிவதுண்டு, ஏனென்றால் அங்கே ரேகை இல்லை. முதல் பூச்சு காய்ந்ததும், மெல்லிய தூரிகையில் கரும்பழுப்பு நிறத்தை எடுத்து, துளையின் ஒரு பக்கம் வந்து நிற்கும் ரேகையை மறுபக்க ரேகையோடு இணையுங்கள். கோடு நேராகவோ தொடர்ச்சியாகவோ இருக்கக் கூடாது. விட்டுவிட்டு, கொஞ்சம் நடுங்கினால் நல்லது. காய்ந்த பின் அடுத்த பூச்சு. இந்த ஒரு படியை ரசித்துச் செய்யுங்கள், துளை எங்கே என்று நீங்களே தேடுவீர்கள்.

எல்லாப் பூச்சும் முடிந்த பிறகு துளை கண்ணில் பட்டால்

அதற்கு நிற மெழுகுக் குச்சி போதும். அடுத்தடுத்த இரண்டு நிறங்களை விரல்சூட்டில் பிசைந்து, துளையில் தேய்த்து நிரப்பி, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் வழித்து, துணியால் மெருகேற்றுங்கள். மெழுகின் மேல் வார்னிஷ் ஒட்டாது என்பதால் இது கடைசி வேலையாகவே இருக்க வேண்டும். வெயில் விழும் சன்னல் பலகையில் மட்டும் மெழுகு வேண்டாம், இளகி வெளியே வந்துவிடும்.