‘பிக் அப்’: எங்கே, எந்தப் பொருளில் வரும்?

ஆங்கிலத்தில் ‘பிக்’ என்ற வினையோடு ‘அப்’ சேர்ந்தால் பொருள் பல பக்கம் கிளைக்கிறது. அகராதியைத் திறந்தால் ஒரு பட்டியலே இருக்கும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும்.

படி 1: ‘பிக்’ வேறு, ‘பிக் அப்’ வேறு

“பிக் எ ஃப்ளவர்” என்றால் செடியிலிருந்து பூவைப் பறிப்பது. “பிக் அப் எ ஃப்ளவர்” என்றால் கிடக்கும் பூவை எடுப்பது. “பிக் எ கலர்” என்றால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது. இங்கே ‘அப்’ சேர்த்தால் பொருளே கெட்டுவிடும்.

படி 2: செயப்படுபொருள் இருந்தால், ஏதோ ஒன்று நம்மிடம் வந்து சேர்கிறது

எதை, யாரை என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் இந்த வகை.

“ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்”: ஆறு மணிக்கு வண்டியில் வந்து உங்களை அழைத்துக்கொள்கிறேன். நம்மில் பலர் இந்த இடத்தில் ‘ரிசீவ்’ என்கிறோம். ‘பிக் அப்’தான் இயல்பு. வந்து இறக்கிவிடுவதற்கு ‘டிராப் ஆஃப்’. ஒரு எச்சரிக்கையும் உண்டு: விருந்திலோ மதுக்கூடத்திலோ முன்பின் தெரியாத ஒருவரை ‘பிக் அப்’ செய்தார் என்றால், பேச்சுக் கொடுத்து வசப்படுத்தினார் என்ற பொருள் வந்துவிடும்.

“ஷி பிக்ட் அப் ஃப்ரெஞ்ச் வெரி குயிக்லி”: அவள் பிரெஞ்சு மொழியைச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். எனக்கு மிகப் பிடித்த பொருள் இதுதான். பாடம் படித்து, தேர்வு எழுதிக் கற்பதை இது பெரும்பாலும் குறிக்காது. கேட்டும் பார்த்தும் பழகியும் தானாகப் படிவதற்குத்தான் இந்தச் சொல். கெட்ட பழக்கம் தொற்றுவதற்கும் இதே சொல்தான்: “ஹி பிக்ட் அப் எ பேட் ஹேபிட்.” சளி பிடிப்பதற்கும் “பிக் அப் எ கோல்ட்” என்பார்கள். வானொலி அலையை வாங்குவதும், வழியில் ரொட்டி வாங்கி வருவதும் இதே கணக்கு.

படி 3: செயப்படுபொருள் இல்லாவிட்டால், ஏதோ ஒன்று ஏறுகிறது

“சேல்ஸ் ஆர் பிக்கிங் அப்”: விற்பனை சூடுபிடிக்கிறது. “தி விண்ட் பிக்ட் அப்”: காற்று வலுத்தது. யாரும் எதையும் எடுக்கவில்லை. மந்தமாக இருந்தது மேலே வருகிறது. ‘வண்டியில் பிக்கப் இல்லை’ என்று தமிழில் சொல்கிறோமே, அது இந்தக் கிளைக்கு நெருங்கிய உறவு.

விதிவிலக்குகள் உண்டு. “நோபடி பிக்ட் அப்” என்றால் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. செயப்படுபொருள் மறைந்து நிற்கிறது. “பிக் அப் ஸ்பீட்” என்பதில் செயப்படுபொருள் இருந்தும் வேகம் கூடுவதையே குறிக்கிறது.

படி 4: ‘இட்’ நடுவில்தான்

தவறு அதிகம் நேரும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். “பிக் அப் தி புக்” சரி, “பிக் தி புக் அப்” என்பதும் சரி. ஆனால் புத்தகத்துக்குப் பதில் ‘இட்’ வந்தால் “பிக் இட் அப்” மட்டுமே சரி. “பிக் அப் இட்” தவறு. மீ, ஹிம், ஹெர், தெம் எல்லாவற்றுக்கும் இதே விதி. செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் அதை நடுவில் திணிக்காமல் ‘அப்’புக்குப் பிறகு வையுங்கள்.

படி 5: வாயில் பழக்குங்கள்

சொற்களைத் தனித்தனியாக வெட்டிச் சொல்லாதீர்கள். “பிக் இட் அப்” பேச்சில் ‘பிக்கிட்டப்’ என்று ஒட்டி ஒலிக்கும். “பிக்ட் அப்” என்பது ‘பிக்ட்டப்’. வினையாக வரும்போது அழுத்தம் பொதுவாக ‘அப்’ மீது விழும். சரக்கு வண்டியைக் குறிக்கும் ‘பிக்கப்’ பெயர்ச்சொல், அதில் அழுத்தம் முதல் அசைக்கு.

இப்போது இவற்றை நீங்களே பிரித்துப் பாருங்கள்:

“ஹிஸ் ஹெல்த் இஸ் பிக்கிங் அப்.”
“தி டாக் பிக்ட் அப் எ சென்ட்.”
“ப்ளீஸ் பிக் அப் தெம்.”

முதலாவதில் செயப்படுபொருள் இல்லை, உடல்நிலை தேறுகிறது. இரண்டாவதில் உண்டு, நாய் மோப்பம் பிடித்துவிட்டது. மூன்றாவதில் ‘தெம்’ இடம் மாற வேண்டும்: “ப்ளீஸ் பிக் தெம் அப்.”